குசுமாவுக்கு அது மட்டும் போதாது

திண்டிவனம்
18-2-1985

அன்பு மகன் வீரசேனனுக்கு அம்மா ராஜமதி எழுதுவது. அருகன் அருளால் அப்பாவும் நானும் சுகம், பிலாய் இரும்பாலையில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருப்பாய் என்று நம்புகிறேன். உன் மகள் தர்மதேவிக்குக் காதுவலி தீர்ந்துவிட்டது. வல்லம் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிக் கடலையை உலர்த்தியாகிவிட்டது, விளைச்சல் சுமார்தான். மருமகள் குசுமா பிழைத்தாள் என்று மட்டும்தான் உனக்குத் தந்தி கொடுத்தோம். மற்றதைத் தந்தியில் எப்படிச் சொல்வது?

பொங்கலுக்குக் குழந்தையோடு அங்கிருந்து வந்தது முதலே அவளுக்கு மூச்சு வாங்கியது. அவளுடைய இதய வால்வுக் கோளாறுதான் தெரிந்த கதையாயிற்றே, பயண அலுப்பில் கூடியிருக்கிறது என்று நினைத்தோம். ஒரு நாள் படுக்கவே முடியாமல் உட்கார்ந்தபடி திணறினாள். விழுப்புரம் லேடி டாக்டர் பார்த்துவிட்டு, மூன்றாம் மாதம், உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டு போங்கள் என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சைச் சீராக்கிய பிறகு, கரு வளர வளர இந்த இதயம் தாங்காது, கலைத்தால்தான் தாய் பிழைப்பாள் என்றார்கள். குசுமாதான் கையெழுத்துப் போட்டாள். எறும்பை மிதிக்கவும் அஞ்சுகிற வீடு நம்முடையது. வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த உசுருக்கு என்னா சொல்லி மன்னிப்பு கேக்கறது அத்தை?" என்றாள். இரண்டு பேரும் அழுதோம்.

உன்மேல் அவளுக்குக் குறையில்லை கண்ணு. "நிரோத் உறை தவறாமதான் வச்சிக்கினு இருந்தோம், எப்பிடி தப்பிச்சின்னே தெரியல" என்றுதான் சொல்கிறாள். அதையும் லேடி டாக்டரிடம் கேட்டேன், வெட்கப்பட்டால் ஆகுமா. சர்க்கரை, பிரஷர், இதய நோய் எது இருந்தாலும் நிரோத் உடம்புக்குக் கெடுதல் இல்லையாம், ரப்பர் ஒத்துக்கொள்ளாமல் தடிக்கிறவர்களுக்குத்தான் ஆகாதாம். "ஆனா கிழியும், நழுவும். கர்ப்பமே உசுருக்கு ஆபத்துன்னா அத மட்டும் நம்பிக்கினு இருக்கக் கூடாதும்மா" என்றார். இவளுக்கு மாத்திரையும் கூடாதாம், ரத்தம் உறைந்து கட்டிவிடுமாம். பெண்களுக்கான கருத்தடை ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து ஆபத்தாம். மிச்சம் இருப்பது நீதான். ஆபரேஷன் செய்தால் இரும்பு தூக்க முடியாது என்று நீ பயந்து தள்ளிப்போட்டதையும் குசுமா சொன்னாள். மூட்டை தூக்குகிறவர்கள்கூடச் செய்துகொண்டு கொஞ்ச நாளில் பழையபடி வேலை பார்க்கிறார்களாம்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது முதலில், "ஆம்பளைக்கு எதுக்கு ஆபரேஷன்?" என்று கத்தினார். குசுமா சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்து போனதைப் பார்த்தவர் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். இன்று காலை அவராகவே, "அவன வரச் சொல்லு. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கினு போறேன்" என்றார்.

தாய் மகனுக்கு எழுதுகிற விஷயமில்லை இது. யாராவது முன்பே உரக்கப் பேசியிருந்தால் ஒரு உயிர் போயிருக்காது என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன். லீவு போட்டுவிட்டு வா. ஒன்று மறக்காதே, ஆபரேஷன் ஆனவுடன் பலன் வந்துவிடாதாம். மூன்று மாதம் நிரோத்தை விடாமல் வைத்துக்கொண்டு, பிறகு பரிசோதனை செய்து டாக்டர் சரி என்ற பிறகுதான் நிறுத்த வேண்டும்.

ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், நமக்கு அது நிறைவு. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். குசுமா இனி ஒருமுறை அந்தக் கையெழுத்தைப் போடும்படி வைக்காதே கண்ணு.

ஆசிகளுடன் உன் அம்மா,
ராஜமதி