வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மார்ச் 3
அக்கா மகளின் புத்தகம் வெளியாகிவிட்டது. விழாவுக்கு ஆயிரம் பேர். சரி, எண்பது. பெண்ணுக்குப் பெண்ணைப் பிடித்தால் அது வியாதி என்று பத்தொன்பது வயதில் அவளை ‘மனமாற்று’ ஆஸ்பத்திரியில் போட்டதை எழுதியிருக்கிறாள். என்னைப் பற்றி ஒரே வரி: ‘அந்த இடத்தைச் சொன்னது என் மாமா.’ இத்தனை பெரிய தச்சனுக்கு ஒரு வரி!

மார்ச் 9
டிவியில் அந்த ஆஸ்பத்திரியின் விக் டாக்டர். "எங்க அறைகளுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. இஷ்டப்பட்டவங்க இருந்தாங்க. அந்தப் பொண்ணு கதை விடுது." மூஞ்சியைப் பார்! சொந்த மண்டையில் நாலு மயிர் முளைக்க வைக்கத் துப்பில்லை, இவர் மனசை மாற்றுகிறாராம். மாற்ற அவள் என்ன துருப்பிடித்த கீலா?

மார்ச் 10
அந்த ஆஸ்பத்திரிக் கதவெல்லாம் என் கைவேலை. "தாழ்ப்பாளை வெளிப்பக்கம் போடுங்க மேஸ்திரி" என்றார் டாக்டர். ஏன் என்று கேட்டேனா? பெரிய இடத்து வேலை, நாற்பது கதவு என்று ஊரெல்லாம் பீற்றினேன்.

மார்ச் 15
அக்கா மகள் வந்தாள். ஆஸ்பத்திரியை மூடச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறாள். விசாரணையில் சாட்சி சொல்ல நான் வேண்டுமாம்.
"மாமா, கண்ணு காது மூக்கு வச்சு சொல்லாதீங்க. நீங்க ஒரு பொய் சொன்னா என் புத்தகமே பொய்யாயிடும்."
"நான் எப்போடி பொய் சொன்னேன்?"
"புலியைக் கையால பிடிச்சேன்னீங்களே."
"அது குட்டிப் புலி."

மார்ச் 28
விசாரணை. டாக்டரின் வக்கீல் இளித்தார்: "ஊர்ல நாப்பது கதவுன்னு சொன்னீங்களாமே?"
எல்லார் முன்னாலும் சொன்னேன்: "அது பீத்தல் சார். போட்டது பதினொண்ணு."
"அத்தாட்சி?"
"தகட்டுக்கு அடியில, மரத்துல ‘சிங்கக்கை’ன்னு உளியால என் பட்டப்பேரை வெட்டிட்டுத்தான் தாழ்ப்பாளை அடிப்பேன். தாழ்ப்பாளைக் கழட்டியிருந்தாலும் பேரு இருக்கும், சுரண்டிப் பாருங்க."
வக்கீலின் இளிப்பு எங்கே போனதோ!

ஏப்ரல் 2
அதிகாரிகளோடு போனோம். தாழ்ப்பாளைக் கழற்றி, ஓட்டையை அடைக்க மக்கு பூசி, பெயின்ட் அடித்திருந்தார் டாக்டர். உலகத்தையே மாற்றுகிறவருக்குக் கதவை மாற்றத் தோன்றவில்லை. சுரண்டச் சுரண்டப் பதினொரு சிங்கக்கை. வாசலுக்குச் சீல்.

அவள் இருந்தது ஏழாம் அறை. அதன் கதவின் உள்பக்கத்தையும் சுரண்டினார்கள். என் வெட்டுக்கு நேர் பின்னால், மரத்தில் நகக் கீறல்.
அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.
ஒன்பது கீறல். கூட்டி எழுதவில்லை.