படி என் பங்கு, பாதை அவன் பங்கு

மார்ச் 4, புதன்

மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலை புகை கக்கத் தொடங்கிய நாள் முதல் எந்தச் சக்கரவர்த்திக்கும் நேராத அவமானம் இன்று எனக்கு நேர்ந்தது. என் கரும்பை ஏற்ற வந்த ட்ராக்டர் பாதி வழியில் நின்றுவிட்டது. பாதைக்குக் குறுக்கே ஒரு பனங்கட்டை. போட்டவன் என் உடன்பிறந்த அண்ணன் தீனதயாளன்.

பாகம் பிரித்தபோது வீட்டின் நடுவே சுவர் வந்தது. மேற்குப் பாதியும் மேற்கு வயலும் அவனுக்கு, கிழக்கு எனக்கு. வண்டிப்பாதை அவன் பங்கில் போயிற்று, மாடிப்படி என் பங்கில் வந்தது. நான் படிக்குப் பூட்டு போட்டேன். அவன் பாதைக்குக் கட்டை போட்டான். எது முந்தி என்பதை வரலாறு தீர்மானிக்கட்டும்.

கடைசியில் கரும்பு முழுவதையும் ஆட்கள் தலைச்சுமையாகத் தார்ரோடு வரை கொண்டுபோய் ஏற்றினார்கள். வெட்டு மேஸ்திரி பூமாலை என் முகத்துக்கு நேரே கேட்டான்: “அண்ணன் தம்பி சண்டைக்கு எங்க கழுத்துதான் கெடச்சுதாங்க?”

அண்ணன் வயலில் வெட்டு போன வாரமே முடிந்துவிட்டது. இப்போது இரண்டு வயலிலும் வெட்டிய கரும்பின் காய்ந்த இலைச் சோகை முழங்காலளவு கிடக்கிறது. கொளுத்த வேண்டியதுதான் பாக்கி. அவனையும் சேர்த்து.

மார்ச் 6, வெள்ளி

எதிரி நாட்டு இளவரசி வந்து இறங்கியிருக்கிறாள். அண்ணன் மகள் இலக்கியா. பெங்களூரில் நட்சத்திரங்களைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். பீரங்கி மாதிரி ஒரு டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு நேரே என் வாசலுக்கு வந்தாள்.

“சித்தப்பா, சாவி.”

“இன்னா சாவி?”

“மாடிச் சாவி. மாடியில பாதி எங்களுது, தெரியுமில்ல?”

“பாதி உங்களுது. ஏறுற வழி எனுது. பறந்து போயேன்.”

“பறக்கத் தெரிஞ்சா உங்க வூட்டு வாசல்ல ஏன் நிக்கறேன்?”

சாவியைக் கொடுத்துவிட்டேன். இந்த வாய் எங்கள் வம்சத்தில் என் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அவள் அப்பனிடம் இருப்பது வெறும் உறுமல்.

மார்ச் 8, ஞாயிறு

நேற்று ராத்திரி மாடியில் தெற்கே ஒரு நட்சத்திரத்தைக் காட்டினாள். பாய்மரம் என்று ஒரு கூட்டமாம், அதில் பிரகாசமானது.

“ஒண்ணுன்னு நெனைக்காதீங்க. ரெண்டு. ஒரே மேகத்துல பொறந்ததுங்க. ஒண்ணையொண்ணு சுத்திக்கினே ஊதிக்கினு கெடக்குதுங்க.”

ஊதுவது காற்று. விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே. நான் ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் இங்கிருந்து மெட்ராஸ் போய்த் திரும்பி, பையை மறந்துவிட்டோமே என்று இன்னொரு தரம் போய் வரலாம். இரண்டு காற்றும் மோதுகிற இடத்தில் ஒரு சுவர் எழும்புமாம். அந்தச் சுவரின் சூடு கோடி டிகிரியைத் தாண்டும். ஊதுகிற இரண்டு பேரின் மேல்தோலிலும் அவ்வளவு சூடு கிடையாதாம்.

“யாரு ஜெயிக்கறான்?”

“எடை கம்மியா இருக்கறது. அதோட காத்துதான் ஜாஸ்தி. சுவரை அப்படியே பெரியவன் மூஞ்சிக்கிட்ட தள்ளிக்கினு போயிடும்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். நான் முருங்கைக்காய், அண்ணன் வைக்கோல்போர். “பாத்தியா? வானமே நம்ம பக்கம்!”

“முழுசா கேளுங்க சித்தப்பா. அதுவும் ஒரு காலத்துல பெரிசாத்தான் இருந்துச்சு. ஊதி ஊதி, மேல இருந்ததெல்லாம் போயிடுச்சு. இப்ப நாம பாக்கறது அதுக்கு உள்ள இருந்தது.”

“அப்புறம்?”

“அப்புறமும் ஊதும்.”

இந்தப் பகுதியை வரலாற்றில் சேர்ப்பதாக இல்லை.

மார்ச் 9, திங்கள்

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, “லேசானவன் காத்துதான் ஜாஸ்தியாம்!” என்று கல்வராயன் மலையே எதிரொலிக்கக் கத்தினேன். அந்தப் பக்கமிருந்து ஒரு வாளி சாணித் தண்ணீர் பறந்து வந்தது. குறி தப்பவில்லை.

மார்ச் 11, புதன்

இலக்கியாவுக்கு இது விளையாட்டில்லை, காரியம் என்று இன்றுதான் புரிந்தது. நட்சத்திர வெளிச்சத்தைப் பிரித்துக் கோடாக வரைகிற கருவி ஒன்று வைத்திருக்கிறாள். அந்தக் கோட்டில் ஒரு சின்ன மேடு. அது அந்தக் காற்றுச் சுவரின் அடையாளமாம். இரண்டு நட்சத்திரமும் நெருங்க நெருங்க மேடு நகர்கிறது. சனிக்கிழமை இரண்டும் மிக நெருக்கம். அன்றைக்கு மேடு எங்கே நிற்கிறது என்பதுதான் அவளுக்கு வேண்டும். அவள் ஆராய்ச்சியில் ஒரு அத்தியாயமே அதை நம்பி நிற்கிறது.

“தப்பிப் போச்சுன்னா?”

“அடுத்த நெருக்கம் மே கடைசி. அப்ப இருட்டும்போதே தரையோட ஒட்டிக்கும், ஒண்ணும் தெரியாது. ஜூன்ல எனக்குக் கெடு முடியுது.” தெற்கே கை காட்டினாள். “ரெண்டு வயலும் தெக்காலதான் இருக்குது. ஞாயித்துக்கெழமை வரைக்கும் சோகையைக் கொளுத்தாதீங்க சித்தப்பா.”

“அவன் கொளுத்தாத வரைக்கும் நான் கொளுத்த மாட்டேன். இது சத்தியம்.”

சிரித்தாள், ஆனால் சிரிப்பு கசந்தது. “அப்பாவும் இதையேதான் சொன்னாரு. அப்படியே.”

மார்ச் 13, வெள்ளி

துடைத்துவிட்ட மாதிரி வானம். மேடு நகர்கிறதாம். அவள் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டாள், என் வீட்டில்.

மார்ச் 14, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

பொழுது சாய்கிற நேரம். அண்ணன் வீட்டுக்குப் பின்னால் புகை எழும்பியது. கொளுத்திட்டான்! சத்தியம் பண்ணிட்டுக் கொளுத்திட்டான் பார், படுபாவி! ராணியம்மாள் பின்னாலேயே கத்தினாள்: “எட்டிப் பாத்துட்டுப் போய்யா, போற மனுசா!” பெண்டாட்டி பேச்சைக் கேட்டு எந்த ராஜா போருக்குப் போனான்? தீப்பெட்டியோடு ஓடினேன். கிழக்கு வயல் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். மேற்கு வயலும் பற்றியது.

மேற்கே மலைப்பக்கமிருந்து இறங்கிய மேல்காற்று அவன் புகையைத் தள்ளிக்கொண்டு வந்தது. கிழக்கேயிருந்து வந்த கீழ்காற்று என் புகையைத் தள்ளிக்கொண்டு போனது. பாதைக்கு நேர்மேலே இரண்டும் முட்டி, எந்தப் பக்கமும் போக வழியில்லாமல், சுவராக எழும்பி நின்றுவிட்டன. தெற்கு என்று ஒரு திசையே இல்லை.

நான் படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். இலக்கியா இறங்கி வந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு. புகையா, இன்னா எழவோ.

“மூட்டம் சித்தப்பா.”

“இன்னாது?”

“அப்பா போட்டது மூட்டம். மாட்டுக்குக் கொசு தாங்கலன்னு கொட்டாய்க்குப் பின்னால போட்டாரு. தெனம் போடறதுதானே.”

தெனம் போடறதுதான். நானும் தெனம் பாக்கறதுதான். இன்னிக்கு மட்டும் ஏன் அது தீயாத் தெரிஞ்சுது? எனக்கு வேணும்னு இருந்துதா? அவன் கொளுத்தட்டும்னு காத்துக்கினு இருந்தனா?

சாவியைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இரண்டு வயலும் கரி. பனங்கட்டை மட்டும் எரியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

சாவி வைத்த இடத்திலேயே கிடந்தது. அண்ணன் மூங்கிலில் ஒரு ஏணி கட்டித் தன் பக்கத்துச் சுவரில் சாத்தினான். அவன் கட்டிய ஏணி! பூமி உண்டானபோதுகூட கல்வராயன் மலை அப்படி ஆடியிருக்காது. கருவிப் பெட்டியோடு அவள் பாதி ஏறினாள். அவன் ஏணியின் ஒரு காலைப் பிடிக்க, மறுகால் தரையை விட்டு எழும்பியது.

பாகம் பிரித்த பிறகு முதல் தடவையாக அவன் வாசலில் கால் வைத்தேன். படையெடுப்பு என்றே கொள்க. மறுகாலைப் பிடித்தேன். அவன் மேற்கே பார்த்தான், நான் கிழக்கே பார்த்தேன்.

“யாரோ ஒருத்தனுக்கு மூட்டம் எது, தீ எதுன்னு தெரியல” என்றான், ஏணியிடம்.

“யாரோ ஒருத்தன் மூட்டத்தோட நிறுத்தியிருக்கலாம். வேட்டிய மடிச்சுக்கினு ஓடியாந்தது யாரு?” என்றேன், நானும் ஏணியிடம்.

“கேள்வி கேக்க வந்துட்டான். மொதல்ல பூட்டு போட்டவன்—”

“பூட்டப் பத்திப் பேசறான். பாதையில கட்ட போட்டவன்—”

மேலே இருந்து குரல் வந்தது. “ரெண்டு பேரும் வாய மூடிக்கினு புடிங்க. காத்து இங்க வரைக்கும் அடிக்குது.”

பிடித்தோம்.

மார்ச் 17, செவ்வாய்

போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. படிக்கு இன்னும் பூட்டு போடவில்லை. சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

மார்ச் 21, சனி

காலையில் போன் செய்தாள். எனக்குத்தான். அவள் அப்பன் நம்பரைத் தப்பாக அழுத்தியிருப்பாள் என்று ராணியம்மாள் சொல்கிறாள். பொறாமை.

“நடுவுல ஒரு நாள் இல்ல சித்தப்பா. முன்னாடி இருக்குது, பின்னாடி இருக்குது. நெருக்கத்துல மேடு எங்க நின்னுச்சுன்னு மட்டும் சொல்ல முடியாது. அத்தியாயம் சின்னதாப் போச்சு.”

“நிக்குமா?”

“நொண்டிக்கினு நிக்கும்.”

“அந்த நாளுக்குக் காரணம் இன்னான்னு எழுதுன?”

“புகைன்னு எழுதுனேன்.”

“யாரோட புகைன்னு?”

“அதுக்கெல்லாம் எடமில்ல.”

ஆக, மற்ற ராஜாக்களின் சண்டை கல்வெட்டில் ஏறியது. எங்கள் சண்டை ஒரு பெண்ணின் படிப்பில் ஓட்டையாக ஏறியிருக்கிறது.

பொழுது சாயும்போது அண்ணன் வீட்டுக்குப் பின்னால் புகை. மாடிப்படி ஏறிப் பார்த்தேன். மூட்டம்தான். மாடு வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

இறங்கப் போனவன் தெற்கே பார்த்தேன். பனங்கட்டை பாதையை விட்டு வரப்போரம் கிடந்தது. ட்ராக்டர் தாராளமாகப் போகலாம்.

கீழே வந்து ராணியம்மாளிடம் சொன்னேன்: “காத்து தள்ளியிருக்கும்.”

“எந்தக் காத்து?” என்றாள், முறத்திலிருந்து நிமிராமல்.

நடுச்சுவர் பக்கம் திரும்பிச் சொன்னேன். “மேல்காத்து.”