காலையில் அடிக்கும் ஒரு வரி

ஒக்டோபர் 14, செவ்வாய்

இன்று இரத்தோட்டை பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. நான் வேலை செய்யும் ஸ்டோருக்குப் போகும்போது ஒன்பதரை. மாடிக் கணினிகள் எதுவும் கீழே இருக்கும் லினக்ஸ் சர்வரை எட்டவில்லை. எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள்.

காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். மாடிக் கணினிகள் வேறு சப்நெட், அதாவது வலையமைப்பின் தனிப் பிரிவு. அதற்குப் போகும் வழியை சர்வரின் ரவுட்டிங் டேபிளில், அதாவது வழிப்பட்டியலில், ஒரு வரியாகச் சேர்த்தவள் நான். அதை நிரந்தரமாக எழுதி வைக்கத் தெரியாது. இரவில் சர்வரை நிறுத்தினால் அந்த வரி அழிந்துவிடும். தினமும் முதல் ஆளாக வந்து, யாருக்கும் தெரியாமல் மறுபடி அடித்து வைப்பேன்.

முதலாளி, கேபிள் இழுத்த செல்வம் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"கேபிள ஒழுங்கா போட்டிருந்தா ஏன்டா இந்தக் கரைச்சல்?"

"கேபிள் நல்லாத்தான் இருக்குங்க முதலாளி. ரெண்டு தரம் பாத்துட்டேன்."

"போ. இனி இந்தப் பக்கம் வராத."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், பத்தாம் வகுப்போடு நின்ற உன்னை சர்வரைத் தொடச் சொன்னது யார் என்று கேட்பாரே.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அந்த வரியை அடித்தேன். மாடி வேலை செய்தது.

"பாத்தீங்களா? அவன் போனான், லைன் வந்திருச்சு!" என்றார் முதலாளி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாளைக்கும் அதை அடிக்க வேண்டும். நாளை மறுநாளும்.