ழகரத்தில் விழுந்த வெட்டு

சின்னமனூர்
18.11.2007

அன்புள்ள மாறனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அந்த ஊர்க் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். மேகமலைப் பக்கம் நான்கு நாளாக மழை விடவில்லை. அப்பா மார்க்கையன்கோட்டை வயலில் தண்ணீரை வடித்துவிடப் போயிருக்கிறார், முழங்கால் வலியோடு போகாதீர்கள் என்றால் கேட்பதில்லை, நீயாவது போனில் சொல்.

நீ கேட்ட ஒன்பது எழுத்துகளும் இத்துடன் இருக்கின்றன. பழைய கல்யாணப் பத்திரிகைத் தலைப்புகளைப் பார்த்து கம்ப்யூட்டருக்கு நீ செய்யும் ஃபாண்ட், அவற்றில் வராத ங, ஔ போன்றவை கிடைக்காமல் பாதியில் நிற்கிறது, தை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், அச்சகத்து மலையம்மாளிடம் கேட்டுப் பாருங்கள் என்று ஆவணியிலேயே எழுதியிருந்தாய். இரண்டு முறை போனில் அவள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று சொன்னேன். அது பொய் மாறா. நான் போகவே இல்லை. உத்தமபாளையத்துக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்தான், போக மனம் வரவில்லை. எழுத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் மலையம்மாள் அக்கா, ஃபாண்டுக்கு அவர் பெயர்தான் வைக்கப்போகிறேன் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். நாற்றுப் பாவியவள் ஒருத்தி, களை எடுத்தவள் இன்னொருத்தி. அறுப்பன்று களை எடுத்தவள் பேரைச் சொல்லி நெல்லை அளந்தால் பாவியவளுக்கு எப்படி இருக்கும்? தட்டில் அரிசி பரப்பி உன் விரலைப் பிடித்து அ போட்டவள் நான். பத்தாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு எடுக்க வேண்டியிருந்ததால்தானே உன்னைப் பள்ளிக்கு எதிரே இருந்த அச்சகத்தில், அச்சுக் கோர்க்கும் அவளிடம் விட்டுப் போனேன்? போன மாதம் என் கையெழுத்தில் நான்கு தாள் அனுப்பினேனே, அது எதற்கென்று நினைத்தாய்? அழகாக இருக்கிறதம்மா என்று ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிட்டாய்.

போன வியாழக்கிழமை அப்பா திட்டி அனுப்பிவைத்தார். மலையம்மாள் என்னை வாசலிலேயே பார்த்துவிட்டு, ஏன் டீச்சர் அங்கனயே நிக்கிறீக, உள்ள வாங்க, மாறன் தம்பி சொகமா இருக்காகளா என்று கேட்டாள். அச்சகத்தை மூடி ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டபோது பத்திரிகைத் தலைப்புக்கு வைக்கும் பெரிய எழுத்துகளை மட்டும் கேட்டு வாங்கி ஒரு பால்பவுடர் டப்பாவில் வைத்திருக்கிறாள். மை தடவி வெள்ளைத்தாளில் ஒற்றிக் கொடுத்ததும் அவள்தான். உன் கடிதத்தை அவளிடம் வாசித்துக் காட்டினேன். அந்த ழகரத்தின் வாலில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கிறது, வார்த்தவர் யாரோ பெரிய ரசிகர், அதை அப்படியே வைக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த இடம் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆத்தாடி, ரசிகராம்ல, உங்க பிள்ளை முக்காலில ஏறி எழுத்துத் தட்ட இழுத்துவிட்டதுல எழுத்து மட்டுமா மூளியாச்சு, எங்க மொதலாளி மூஞ்சியும்தான் என்றாள். அப்போது உனக்கு ஐந்து வயது. அச்சுக்குப் போகவிருந்த தலைப்பு முழுவதும் சிமெண்டுத் தரையில் சிதறியிருக்கிறது. தன் கைதான் தவறிவிட்டது என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறாள், அவர் பத்து நாள் வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டாராம். மாற்று எழுத்தும் வாங்கவில்லை. அன்றிலிருந்து நம் பக்கத்தில் அங்கே அடித்த திருமண அழைப்பிதழ் அத்தனையிலும் அந்த வெட்டு போயிருக்கிறது, நம் வீட்டு விசேஷப் பத்திரிகைகள் உட்பட.

அந்தப் பத்து நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாள், உன்னை எங்கே விடுவதென்று தெரியாமல் திண்டாடினேன். திரும்பி வந்தவளிடம், பொறுப்பே இல்லையா உனக்கு என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அன்றைக்கே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று இப்போது கேட்டதற்கு, சொல்லியிருந்தா மறுநாள்லருந்து பிள்ளைய எங்கிட்ட விட மாட்டீகளே டீச்சர் என்றாள். அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, பஸ்ஸில் வரும்போதும் பொறாமைதான் வந்தது, இன்னும் அதிகமாக வந்தது. நான் திருத்திய நோட்டுகளில் பிள்ளைகள் செய்த தவறையெல்லாம் சிவப்பு மையில் சுழித்துத்தான் பழக்கம். உன் தவறை ஒருத்தி தன்னுடையதென்று வாங்கிக்கொண்டிருக்கிறாள், எனக்கு அது ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஆகவே அவள் பெயரையே வை. வேறு பெயர் வைத்தால் நானே கோபித்துக்கொள்வேன். அந்த வெட்டையும் எடுக்காதே. முடிந்ததும் முதல் பிரதியை அவளுக்கு அனுப்பு, எனக்கு இரண்டாவது போதும்.

நன்றாகச் சாப்பிடு, வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளி, அந்த ஊர்த் தண்ணீர் உன் தலைக்கு ஆகவில்லை என்று போட்டோவிலேயே தெரிகிறது. எடுத்த வேலை நல்லபடியாக முடிந்து நீ சிறப்பாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. எனக்குப் பதில் எழுதும்போது அந்த ஃபாண்டில் அடித்து அனுப்பாதே. கையால் எழுது. அது நான் சொல்லிக்கொடுத்தது.

உன் அம்மா,
சுகிர்தம்