பழனிக்கு நடக்கும் கைப்பட்டை

மார்கழி 18, காலை 6.00. வழக்கமான பதிவு

இதைக் கண்டெடுப்பவருக்கு. நான் ஒரு பெட்டி. கோவையில் ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில், டிவிக்கு மேலே ஆணியில் தொங்குகிறேன். முதியவர்கள் நலமாக வாழ 'இனிய முதுமை' என்ற கூட்டுத் திட்டம் என்னை மாட்டியது. கூட்டு என்றால் நிஜமாகவே கூட்டு. பெரியவர் கையில் கட்டி நடையையும் இதயத்துடிப்பையும் எண்ணும் கைப்பட்டை ஒரு கம்பெனியுடையது. என் காது ஒரு கல்லூரியுடையது. குரல் இன்னொரு கம்பெனியுடையது. கண் கிடையாது. கேமரா மாட்ட வந்தவர்களை, "நான் வேட்டி மாத்தறத எவன் பாக்கோணும்?" என்று கேட்டுத் துரத்திவிட்டார் சென்னியப்பன்.

சென்னியப்பன் இந்த வீட்டுக்காரர். வயது எழுபத்தெட்டு. அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. என்னைக் கண்டக்டர் என்று கூப்பிடுகிறார். நான் இரண்டு விசில் கொடுத்தால்தான் காலை நடைக்குக் கிளம்புவார். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். விசிலை அவரே ஊதி என்னிடம் பதிந்து வைத்தார்.

இன்று இரண்டு விசில். கிளம்பினார். எல்லாம் சரி.

மார்கழி 21, காலை 11.20. விதி மாற்றம்

குக்கர் மூடி கீழே விழுந்தது. ஆள் விழுந்ததாக நினைத்து ஆம்புலன்ஸை அழைத்துவிட்டேன். வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார். திட்ட அலுவலகத்துக்குக் கோபம். இனி காது மட்டும் சொன்னால் ஆம்புலன்ஸ் வராது. கையில் அசைவில்லை என்று பட்டையும் சொல்ல வேண்டும். ஒரு குக்கர் மூடிக்கு இத்தனை பெரிய தண்டனை.

மார்கழி 24, மாலை 4.10. அலுவலர் வருகை

திட்ட அலுவலர் நிவேதிதா வந்தார். நல்ல பெண்தான். சொன்னதுதான் நல்லதாக இல்லை.

"முதல் கட்ட நிதி தையோட முடியுதுங்க ஐயா. எல்லாரும் நல்லா நடந்து காட்டினாத்தான் அடுத்த கட்டம் குடுப்பாங்க. இல்லைன்னா பெட்டியக் கழட்ட வேண்டியதுதான்."

அவர் போன பிறகு சென்னியப்பன் என் பக்கம் வந்து நின்றார்.

"உன்னையக் கழட்டிப் போடுவாங்களாமா? அப்பறம் நான் ஆருகிட்டப் பேசறது, செவுத்துகிட்டயா?"

நான்கு நாளாக முழங்கால் வீங்கியிருக்கிறது. படி இறங்க முடியவில்லை. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

மார்கழி 26, காலை 8.30. முறைகேடு

பட்டை இப்போது தண்டபாணி கையில். இந்தக் குடியிருப்புகளுக்கு கேஸ் சிலிண்டர் போடுகிறவர். காலையில் கட்டிக்கொண்டு போகிறார், மாலையில் திருப்பித் தருகிறார். சிலிண்டரோடு மாடி மாடியாக ஏறுகிறார். அந்த ஏற்றமெல்லாம் சென்னியப்பன் பெயரில் போகிறது.

"வேண்டாமுங்க டிரைவரண்ணா" என்றேன். "கம்முனு இரு கண்டக்டரே, வண்டி ஓட்டறது நானு" என்றார்.

அலுவலகத்துக்கு நான் எண்கள் மட்டுமே அனுப்ப முடியும். இது வேறு ஆளின் கை என்று சொல்ல இடமே வைக்கவில்லை. அது இரண்டாம் கட்டத்தில் வருமாம்.

அங்கிருந்து வந்த செய்தி: "அற்புதம்! பயனாளரின் இதயம் முப்பது வயதுக்குரியது."

ஆமாம். தண்டபாணிக்கு முப்பது வயது.

தை 2, காலை 9.00. குரல் துண்டிப்பு

குரல் கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இனி பேச முடியாது. மிச்சம் இருப்பவை இரண்டு: அவருடைய விசில், அப்புறம் நடை இலக்கை எட்டினால் தானாக ஒலிக்கும் வாழ்த்து. அந்த வாழ்த்தை நிறுத்தவும் என்னால் முடியாது.

"என்னப்பா, கோவமா? பேச மாட்டீங்கற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வயிற்றெரிச்சலாக இருந்தது. எனக்கு ஏது வயிறு, போகட்டும்.

தை 4, காலை 7.15. பட்டை வெளியூர்ப் பயணம்

தண்டபாணி மாலை போட்டிருக்கிறார். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை. பட்டையைத் திருப்பித் தரத்தான் வந்தார். சென்னியப்பன் வாங்கவில்லை.

"கட்டிக்கிட்டே போ சாமி. மதிப்பீடு இந்த வாரந்தான். பழனி வரைக்கும் நடந்தீன்னா என்ற கணக்கு எங்கியோ போயிரும்."

"அண்ணா, உங்களுக்கு ஏதாச்சும் ஆனா?"

"கண்டக்டர் இருக்கறான். நீ முருகங்கிட்ட என்ற முட்டிக்கும் சேத்துச் சொல்லு."

ஒரு விசில் கொடுத்தேன். நில்லுங்கள் என்று. இருவரும் சிரித்தார்கள். கதவு சாத்தப்பட்டது.

தை 5, காலை 6.40. விழுந்துவிட்டார்

குளியலறை வாசல். இது குக்கர் மூடி இல்லை. வாளி உருண்டது, பிறகு அவர், பிறகு முனகல். இடுப்பு என்கிறார்.

ஆம்புலன்ஸ் கேட்டேன். பதில்: "நிராகரிப்பு. பயனாளர் நடந்துகொண்டிருக்கிறார்."

மறுபடி கேட்டேன். அதே பதில்.

தை 5, காலை 10.05

ஒரு விசில். ஒரு விசில். ஒரு விசில். எதிர்வீடு பொங்கலுக்கு ஊருக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. கீழ்வீட்டுக்காரர்களுக்கு என் விசில் பழகிப்போனது. யாரோ, "பெரியவரு இன்னைக்குக் குசியாயிருக்கறாரு" என்றார்கள்.

அவருடைய போன் டிவி பக்கத்தில் அடித்து ஓய்ந்தது. எனக்கு அடியில்தான் கிடக்கிறது. எடுக்க எனக்குக் கை இல்லை.

தை 5, மதியம் 1.30

தண்ணீர் கேட்கிறார். என்னிடம் கேட்கிறார்.

தண்டபாணி இலக்கைத் தாண்டிவிட்டார் போலிருக்கிறது. என் வாயிலிருந்து வந்தது: "வாழ்த்துகள் சென்னியப்பன் ஐயா! இன்றும் சிறப்பாக நடந்தீர்கள்!"

அவர் சிரித்தார். சிரித்தால் வலிக்கும். ஐயோ, சிரிக்காதீர்கள்.

தை 6, காலை. நேரம் எதற்கு

நிராகரிப்பு. நிராகரிப்பு. நடக்கிறாராம். பாதயாத்திரைக்காரர்கள் இரவிலும் நடக்கிறார்கள்.

குரல் தேய்ந்துவிட்டது. ஆனாலும் தெளிவாகச் சொன்னார்: "கண்டக்டரே, வண்டிய நிறுத்தப்பா. நான் எறங்கோணும்."

நான் விசில் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன்.

"ஏப்பா, ஸ்டாப்பிங் போயிருமப்பா."

கொடுத்தேன். ஒன்றுதான்.

தை 6, காலை 11.00. அலுவலகச் செய்தி

"இரண்டாம் கட்ட நிதி கிடைத்தது! சென்னியப்பன் ஐயா எங்கள் முன்மாதிரிப் பயனாளர். திங்கட்கிழமை பொன்னாடை போர்த்த வருகிறோம். குரல் சேவை இப்போதே மீண்டும் இணைக்கப்படுகிறது."

தை 6, காலை 11.02

குரல் வந்துவிட்டது.

டிரைவரண்ணா என்றேன். டிரைவரண்ணா, நான்தானுங்க. அக்கம்பக்கம் கேட்கக் கத்தினேன். கீழே கதவு திறக்கிறது, யாரோ படியேறி ஓடி வருகிறார்கள். காது வைத்துக் கேட்டேன். குளியலறைக் குழாய் சொட்டுகிறது. மூச்சு கேட்கவில்லை. எந்திரிங்க அண்ணா

ஆம்புலன்ஸ் கேட்டேன்

நிராகரிப்பு. பயனாளர் நடந்துகொண்டிருக்கிறார்