பட்டியலில் அப்பா பேர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுறாங்களா? நான் நல்லா இருக்கேன்.

சலவைக்கடையை மூடிட்டேன். பயப்படாதீங்க, திவால் மனு போட்டா கோர்ட்டே கடனைத் தள்ளிடுமாம். முதல்ல பார்த்த வக்கீல், கையில காசில்லைன்னு சொல்லப் போன என்கிட்டயே முன்பணம் கேட்டார். சிரிச்சுட்டே எழுந்து வந்துட்டேன். அடுத்துப் பார்த்த வக்கீலம்மா தங்கமானவங்க, ஃபீஸைத் தவணையில வாங்கிக்கிறாங்க.

யார் யாருக்குக் கடன்னு பட்டியல் கேட்டாங்க. பேங்க், கடை வாடகை, சோப்புத்தூள்காரர்னு எழுதிக் கொடுத்தேன். "சொந்தத்துல யார்கிட்டயும் வாங்கலையா? ஒரு பேரை மறைச்சாலும் மனு தள்ளுபடி ஆயிடும்"னாங்க. அப்புறம்தான் நீங்க கொடுத்த ஓய்வுப்பணத்தைச் சேர்த்தேன். உங்க பேரை எழுதி முடிக்க ரொம்ப நேரமாச்சு.

அதனால உங்க பேருக்குக் கோர்ட்டுலேருந்து ஒரு கவர் வரும். மச்சான்கிட்ட படிக்கக் கொடுக்காதீங்க.

யாராவது இந்தப் பக்கம் வந்தா என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்க. துவைக்காம இருந்தாலும் பரவாயில்லை.

வேலைக்குப் போற பஸ் வந்துடுச்சு. அந்தக் கவர்ல, உங்க பையன் இனிமே உங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லைன்னு இருக்கும். நீங்க அதை ஒத்துக்காதீங்கப்பா.

உங்க பெரியவன்