பதினாலடிப் படகுக்கு நிழல்

பிப்ரவரி 9

பொடிசுக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துவிடாதே. போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. ஆறு வருஷமாக அந்த மணிச் சத்தத்தைத்தான் உன் குரல் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒரு தொழில் சந்தேகம். உன்னைவிட்டால் கேட்க எனக்கு ஆள் இல்லை.

நம் படகுக்குக் கூரை போடப்போகிறேன். வெயில் தாங்க முடியவில்லை என்று ஏரியைத் தாண்ட ஏறுகிறவர்கள் எல்லாம் முணுமுணுக்கிறார்கள். படகு பதினாலடி, நடுவில் அகலம் நாலரை அடி. முன்பக்கம் இரண்டடி விட்டு, பின்னால் மோட்டார் பக்கம் நான் நிற்க இடம் விட்டு, நடுவில் எட்டடிக்கு நிழல் வேண்டும். என்ன துணி வாங்குவது? நீ சீட் கவர் கடையில் நாள் முழுக்கத் துணியோடுதானே மல்லுக்கட்டுகிறாய்.

இந்தக் காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு உன் மாமா, "எருமை கவுந்து படுத்திருக்கா?" என்று கேட்டார். அவருக்கு முழங்கால்தான் வலியில் ஓய்ந்துவிட்டது, வாய் எப்போதும்போலத்தான்.

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? சரி, துணியைப் பற்றி மட்டும் எழுது, போதும்.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

பருத்தித் துணி வேண்டாம். நனைந்தால் கனக்கும், பூஞ்சை பிடிக்கும். மலிவான தார்ப்பாயும் வேண்டாம், ஒரு கோடைக்குள் பொடிப்பொடியாக உதிரும். லாரிக்குப் போடுகிற, பிளாஸ்டிக் பூச்சுள்ள கித்தான் வாங்கு, மெல்லிய ரகம். பாலியஸ்டர் நூல்தான் போட வேண்டும், மற்றது வெயிலில் மக்கிவிடும். பதினெட்டாம் நம்பர் ஊசி. ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து இரட்டைத் தையல். ஒரு அடிக்கு ஒன்று என்று பித்தளை வளையம்.

படத்தில் கூரையை ஆறடி உயரத்தில் காட்டியிருக்கிறாய். அது எனக்குச் சரியாகப் படவில்லை. உன் இஷ்டம்.

வேறு செய்தி இல்லை.

தங்கச்சி

*

மார்ச் 6

பொடிசுக்கு,

உன் இஷ்டம் என்று எழுதினாய் அல்லவா, என் இஷ்டப்படியே செய்து மானம் போனதுதான் மிச்சம்.

தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறவர் பிளாஸ்டிக் குழாய்க்குள் மணலை நிரப்பி, நெருப்பில் காட்டி, வில் மாதிரி நாலு வளைத்துக் கொடுத்தார். அதைப் படகின் ஓரத்தில் நட்டு, மேலே கித்தானை இழுத்துக் கட்டினேன். ஏறுகிறவர்கள் நிமிர்ந்து நிற்கட்டுமே என்று ஆறடி உயரம். துறையில் நின்றபோது அரண்மனை மாதிரி இருந்தது.

ஏரி நடுவில் போனதும் மேற்கிலிருந்து ஒரு காற்று வந்தது பார். கூரை அப்படியே கப்பல் பாயாகிவிட்டது. நான் சுக்கானை ஒரு பக்கம் திருப்புகிறேன், படகு தன் மனசுக்கு வேறு பக்கம் போகிறது. நேராகக் கோரைக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. இரண்டு குழாய் முறிந்து, கித்தான் மொத்தமும் உள்ளே விழுந்தது. நான் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன், துணிக்கு அடியிலிருந்து ஒரு குரல்: "நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்!" பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. அம்மாளை மறந்தே போய்விட்டேன்.

கரையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த உன் மாமா, "கூரை கட்டறேன்னுட்டு ஆகாய விமானம் கட்டியிருக்கா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சிரித்தாயா? சிரித்திருந்தால் அந்த இரண்டு குழாய் முறிந்தது வீண் இல்லை. இனி எப்படிச் செய்வது, சொல்லு.

அக்கா

*

மார்ச் 18

அக்காவுக்கு,

சிரித்தேன். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உட்கார்ந்தால் தலை இடிக்காத உயரம் போதும். பலகையிலிருந்து நாலடி. குழாயை இன்னும் தட்டையாக வளைக்கச் சொல். கித்தானை ஒரே துண்டாகப் போடாதே. இரண்டு துண்டாக வெட்டி, நடுவில் ஒன்றன் மேல் ஒன்று ஒரு சாண் ஏறி நிற்கிற மாதிரி விடு. மழையும் வெயிலும் இறங்காது, காற்று மட்டும் அந்தச் சந்து வழியாகப் போய்விடும். முடிச்சு எல்லாம் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். காற்று கனத்தால் யோசிக்காமல் இழுத்துவிடு.

ஒன்று கேட்கிறேன். பத்து வருஷம் நானும் அந்தப் படகில் இருந்தேன். ஏறுகிறவர்கள் குடை கொண்டுவருவார்கள், இல்லாவிட்டால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் முணுமுணுப்பை நீ என்றைக்குக் காதில் வாங்கினாய்? முறிந்த பிறகும் விடாமல் கட்டுகிறாய். இது யாருக்காக? என் காதில் பூ சுற்றாமல் சொல்லு.

தங்கச்சி

*

மார்ச் 29

பொடிசுக்கு,

இதை நான்கு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

போன மாதத்துக்கு முந்தின மாதம் ஒரு நாள் நர்சம்மா படகில் வந்தார். நம் கரையில் உள்ள சுகாதார நிலையத்துக்கு வாரம் இரண்டு நாள் வருகிறவர். சும்மா பேசிக்கொண்டு வந்தவர், ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். "வெயில்ல போனா ரெண்டு கன்னமும் செவந்துடும்க்கா. மூட்டெல்லாம் வீங்கி, காய்ச்சல் வந்து, கைய தூக்கவே முடியாது. ரத்தத்துல இருக்கிற கோளாறு. வீட்டுல நம்ப மாட்டாங்க. சோம்பேறி, நடிக்கிறாள்னு சொல்லுவாங்க, பாவம்."

சுக்கான் என் கையிலிருந்து நழுவிவிட்டது. "என்னக்கா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

உன் கன்னம் இரண்டும் என் கண் முன்னால் வந்து நின்றது. நீ வீட்டை விட்டுப் போன அன்றைக்கு மத்தியானம். பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தோம். நீ பாதியில் கரையில் உட்கார்ந்துவிட்டாய். கொத்தனார், சித்தாள் எல்லோரும் நிற்க, நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் அது நான் சொன்னதாக ஆகும். "வேலைன்னா மட்டும் உனக்கு உடம்பு முடியாது. நடிக்காத, எழுந்திரு."  எழுந்து மீதி நாலு மூட்டையையும் இறக்கினாய். அப்புறம் அதே படகில் அக்கரைக்கு வந்து பஸ் ஏறினவள்தான்.

கோபத்தில் போனாய், ஆறினதும் வருவாய் என்று இருந்தேன். நர்சம்மா சொன்னதற்கு அப்புறம்தான் உன் முதலாளியம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். ஆமாம், உனக்கும் இதே நோய்தான் என்று சொன்னார். பிறகு, "கூடப் பிறந்தவங்க உங்களுக்குத் தெரியாதா?" என்றார். போனை வைத்த பிறகும் அது காதை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் கூரை. டவுனிலிருந்து ஒரே பஸ், பதினொரு மணிக்குத் துறைக்கு வருகிறது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் திறந்த ஏரி, உச்சி வெயில். குடை காற்றில் நிற்காது. நீ வீட்டுக்கு வர நினைத்திருந்தால்கூட வந்திருக்க முடியாது என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. நிழல் மட்டும் தயாராக இருக்கட்டும் என்றுதான்.

அக்கா

*

ஏப்ரல் 27

பொடிசுக்கு,

பதில் இல்லை. கேட்கவும் மாட்டேன். கூரை நீ சொன்னபடி நாலடியில் நிற்கிறது. நேற்றுக் காற்றிலும் அசையவில்லை.

மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். இந்தத் தடவை கிண்டல் இல்லாமல்தான் சொன்னார்.

அக்கா

*

மே 15

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவைத்திருந்தேன். பிறகு எடுத்துப் படித்தேன். பிறகு மறுபடி பூட்டினேன். ஒன்றரை மாதம் இதுதான் என் வேலை.

நீ அன்று சொன்னது வலித்தது. ஆனால் அதைவிட வலித்தது ஒன்று இருக்கிறது, அது உனக்குத் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு நாளில் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருபத்துமூன்று நாள். பக்கத்துக் கட்டிலுக்கு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் நீதான் என்று திரும்புவேன். நான் சொல்லி அனுப்பவே இல்லை, நீ எப்படி வருவாய்? தெரியும். தெரிந்தும் திரும்பினேன். ஒரு நாள் நர்ஸ், "யாரும்மா வரணும்?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். அன்றைக்கு அப்படிச் சொன்னதற்காகத்தான் உன்மேல் ஆறு வருஷம் கோபமாக இருந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது. சொன்னது நான், கோபம் உன்மேல். நியாயம் இல்லைதான். கோபத்துக்கு என்ன நியாயம்?

முதலில் எனக்கே தெரியாது, அக்கா. நான் சோம்பேறிதானோ என்று நானும்தான் நினைத்தேன். டாக்டர் அந்த நோயின் பேரைச் சொன்னபோது அழுதேன். பயத்தில் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் நடிக்கவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டாரே, அதற்காக அழுதேன்.

சரி. கூரைக்கு வருகிறேன்.

மேலே மறைத்தால் போதாது. வெயில் தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் வரும். எனக்கு அதுவும் ஆகாது. பக்கவாட்டில் இரண்டு புறமும் திரை வேண்டும். சுருட்டி மேலே கட்டுகிற மாதிரி, கீழ் ஓரத்தில் கனத்துக்கு ஒரு கயிறு வைத்துத் தை. உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும். கருநீலம் போடு. அடிப்பலகையில் வெள்ளை அடித்திருந்தாயே, அதன் மேலும் ஏதாவது விரி.

வருவேன் என்று சொல்லவில்லை. செய்கிற வேலையைச் சரியாகச் செய் என்று சொல்கிறேன்.

தங்கச்சி

*

ஜூன் 2

பொடிசுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படகில் போய் உட்கார்ந்துகொண்டேன். மாமா சாப்பிடக் கூப்பிட்டார். "இப்ப வேணாம், கொஞ்ச நேரம் விடுங்க" என்றேன். விட்டுவிட்டார். கதவு திறக்கும்போதெல்லாம் நீ திரும்பினாய் என்பதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன். இதை எந்தக் கூரைக்கும் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்கவில்லை.

திரை தைத்துவிட்டேன், நான் நிற்கிற பின்பக்கத்துக்கும் சேர்த்து. உள்ளே கருநீலம். பலகையில் பழைய கோணி விரித்திருக்கிறேன்.

நேற்று உச்சி வேளையில் மாமாவைத் துடுப்புப் போடச் சொல்லிவிட்டு, நான் உள்ளே நீ உட்காரப்போகிற இடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். நீ சொன்னது நிஜம்தான். தண்ணீர் வெளிச்சம் கூரையின் அடியில் புழு மாதிரி நெளிந்துகொண்டே போகிறது. இருபது வருஷமாக இந்த ஏரியில் இருக்கிறேன், தண்ணீரிலிருந்து வெயில் மேலே வரும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. எங்கெங்கே நெளிந்ததோ அங்கெல்லாம் சாக்கட்டியால் கோடு போட்டேன். மூன்று இடம். "தூங்கறதுக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று வெளியிலிருந்து மாமா. சாயங்காலத்துக்குள் மூன்றையும் அடைத்துத் தைத்தேன். இன்று மறுபடி படுத்துப் பார்த்தேன். இருட்டு.

ஒரு சனிக்கிழமை வருகிறாயா? அன்றைக்கு உன்னைத் தவிர யாரையும் ஏற்ற மாட்டேன். பிடிக்கவில்லை என்றால் அடுத்த நிமிஷமே படகைத் திருப்பிவிடுகிறேன்.

அக்கா

*

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து போய்ப் பதினாறு நாள் ஆகிறது. உடனே எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. வெயில் செய்கிற வேலை எனக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் தெரியும். நாலு நாள் காலையில் எழுந்ததும் கண்ணாடியில் கன்னத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் பார்க்க மறந்துவிட்டேன்.

இரண்டு நாள் இருந்தும் நாம் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. மாமாதான் மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசினார். கிளம்பும்போது என்னிடம் தனியாக, "அவள மன்னிச்சிட்டியா?" என்றார். தெரியல மாமா என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. ஆனால் போன வாரம் மிஷினில் உட்கார்ந்து உன்னை நினைத்துப் பார்த்தேன், பழைய கோபம் வருகிறதா என்று. கோபத்துக்குப் பதில் அளவுதான் ஞாபகம் வந்தது. என்ன அளவு என்று சொல்கிறேன்.

அன்று உள்ளே நிழலாக இருந்தது. குளுமையாகக்கூட இருந்தது. எனக்குப் பின்பக்கத் திரையின் கீழ் ஓரத்தில் ஒரு சாண் சந்து வழியாக உன் பாதம் மட்டும் தெரிந்தது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி பத்து நிமிஷம் வெயிலில் நின்றாய். பலகை சுட்டிருக்க வேண்டும், கால் மாற்றிக் கால் மாற்றி வைத்தாய். எட்டடி நிழல் கட்டினவள் தனக்கு ஒரு முழம் வைத்துக்கொள்ளவில்லை. "உள்ள வந்து உக்காரேன்" என்றேன். "மோட்டார் சத்தத்துல கேக்கல" என்றாய். கேட்காமலா பதில் சொன்னாய்?

நீ கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது பின்பக்கத்தை என் சாணால் அளந்துகொண்டேன். இந்தப் பார்சலில் இருப்பது அதற்கான கூரை. வளைவுக்குச் சேர்த்து அகலம் ஐந்தடி, நீளம் நாலரை அடி. நீ நின்று ஓட்டுவதால் கொஞ்சம் உயரமாக வரும், ஆனால் சின்னத் துண்டுதான், காற்று தூக்காது. முன் ஓரத்தில் ஆறு வளையம் வைத்திருக்கிறேன், ஏற்கெனவே உள்ள கூரையோடு கோத்துவிடு. பின்பக்கத்துக்கு இரண்டு குழாய் போதும். குழாய்க்காரரை இந்தத் தடவை தலைமையாசிரியையிடம் காட்டிவிட்டு வளைக்கச் சொல். இதைத் தைக்கும்போது முதலாளியம்மா கேட்டார், "யாருக்கும்மா இது?" என்று. எங்க அக்காவுக்கு என்றேன்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் வருகிறேன். நான் துறையில் கூரை போட்ட பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். நீ நிழலுக்குள் நின்றுகொண்டுதான் படகை ஓட்டிவர வேண்டும். இல்லாவிட்டால் ஏற மாட்டேன், சொல்லிவிட்டேன்.

உன் தங்கச்சி